உயிரணுவுக்குள் ஒரு கொத்தனார் கூட்டம்

கதிரவனை நாம் பெரும்பாலும் வாழ்த்தியே பேசுகிறோம். நெல் விளைவதும், துணி உலர்வதும், வற்றலும் வடகமும் காய்வதும் அவன் தயவால்தான். பிறந்த குழந்தையை இளவெயிலில் காட்டுவது நம் தாய்மாரின் நெடுநாள் வழக்கம். ஆயினும் அதே வெயில் நம் தோலில் படும் ஒவ்வொரு வேளையிலும் நமக்குத் தெரியாமல் ஒரு தீங்கையும் செய்துவிட்டே போகிறது. அத்தீங்கை நம் உடல், நமக்குத் தெரியாமலே சரிசெய்தும் விடுகிறது. தீங்கும் தெரிவதில்லை, திருத்தமும் தெரிவதில்லை. ஆகவே கவலையின்றி வயலுக்கும் கடலுக்கும் போய் வருகிறோம். இத்திருத்தம் நடைபெறுவதை மனிதர் எவ்வாறு கண்ணாற் கண்டனர், அது நடைபெறாத உடலை எவ்வாறு அடையாளம் காண்கின்றனர் என்பதை இங்கே கூற விழைகிறோம். சில குழந்தைகளின் உயிரே இதைச் சார்ந்திருப்பதால், பெற்றோர் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

வெயிலில் நாம் காணும் ஒளியோடு, ஊதா நிறத்திற்கு அப்பாற்பட்டவையும் கண்ணுக்குப் புலப்படாதவையுமான கதிர்களும் வருகின்றன. இவற்றைப் புறஊதாக் கதிர்கள் என்பர. இவற்றுள் மிகக் கொடியவற்றை வானின் உயரே உள்ள ஓசோன் படலம் தடுத்து நிறுத்திவிடுகிறது. எஞ்சியவை தோலின் மேலடுக்கில் நுழைந்து, அங்குள்ள உயிரணுக்களின் உட்கரு வரை சென்று சேர்கின்றன. உட்கருவுக்குள் இருப்பதுதான், இந்நாளில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த டி.என்.ஏ. இது முறுக்கிய நூலேணி போன்றது. ஒரே ஓர் உயிரணுவில் உள்ளதைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு பொருள்களே அதில் எழுத்துகளைப் போல மாறி மாறி வந்து, நம் உடலின் அமைப்பை எல்லாம் எழுதி வைத்திருக்கின்றன. ஓர் இழையில் அடினின் இருந்தால் எதிர் இழையில் தைமின் இருக்கும். குவானின் இருந்தால் சைட்டோசின் இருக்கும். ஓர் இழையைப் படித்தே மற்றதை எழுதிவிடலாம் என்பது இதனால் பெறப்படும். வாசகர்கள் இதை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்; திருத்தவேலை முழுவதும் இதையே நம்பி நடைபெறுகிறது.

புறஊதாக் கதிர் படும்போது, ஒரே இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்கள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. 1960-ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் பியூக்கர்ஸ், பெரெண்ட்ஸ் என்னும் இருவர், உறைந்த தைமின் கரைசலின்மீது இக்கதிரைச் செலுத்தி இந்த இரட்டையைக் கண்டறிந்தனர். இரட்டை உண்டான இடத்தில் நூலேணி கோணிவிடுகிறது. உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்க வேண்டும். கோணிய இடத்தில் எழுத்து மாறிப் போகலாம். அப்படி மாறிய எழுத்துகள் சேரச் சேர, ஒரு நாள் உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்குமானால் அதுவே புற்றுநோய்.

இனி, நோயின் பக்கம் வருவோம். வியன்னா நகரின் தோல் மருத்துவரான மோரிட்ஸ் கபோசி என்பவர், ஹெப்ரா என்னும் ஆசிரியரோடு சேர்ந்து எழுதி 1874-இல் வெளியிட்ட நூலில் ஒரு விந்தையான நோயைக் குறித்தார். நோயுற்றோர் இளவயதினர், தோல் காகிதத்தைப் போல உலர்ந்து, புள்ளிகள் நிறைந்து, முதியோரின் தோலாகத் தோன்றியது. அதிலேயே கட்டிகளும் எழுந்தன. பின்னர் இதற்குச் சீரோடெர்மா பிக்மென்டோசம் என்று பெயர் நிலைத்தது. வாயில் நுழையாத பெயரைக் கண்டு யாரும் மருள வேண்டா. முதற்பாதி கிரேக்கத்தில் 'உலர்தோல்' என்றும், பிற்பாதி இலத்தீனில் 'நிறம் படிந்தது' என்றும் பொருள்படும். குருமடத்தில் அரைகுறையாகக் கற்ற மொழிகள் இப்படி எப்போதாவது உதவுகின்றன. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிலையத்தில் 1971 முதல் 2009 வரை பார்க்கப்பட்ட 106 நோயாளிகளின் கணக்கு 2011-இல் வெளிவந்தது. தோலில் முதல் புற்றுநோய் தோன்றியபோது அவர்களுடைய நடுவயது 9. பிறருக்கு இந்நோய் வருவது பெரும்பாலும் அறுபதை ஒட்டித்தான். இருபது வயதுக்குட்பட்டவர்களிடம் இவ்வாபத்து மற்றவர்களைக் காட்டிலும் 10,000 மடங்கு என்று அக்கணக்கு கூறியது. அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நரம்பு மண்டலமும் சிறிது சிறிதாகத் தேய்ந்து, செவியும் நடையும் அறிவும் குன்றின.

கபோசி நோயைக் கண்டார். காரணத்தை அறிய ஏறக்குறைய நூறாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. காரணத்திற்கு வழி காட்டியவை மனித உடலல்ல, குடலில் வாழும் எளிய பாக்டீரியாக்கள். 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு செட்லோவும் கேரியரும், யேல் பல்கலைக்கழகத்தில் பாய்சும் ஹோவர்டு-ஃபிளாண்டர்சும் ஒரே செய்தியைத் தனித்தனியே வெளியிட்டனர். புறஊதாக் கதிரைத் தாங்கிப் பிழைக்கும் பாக்டீரியா, தைமின் இரட்டைகளைத் தன் டி.என்.ஏ.விலிருந்து வெட்டி வெளியே எறிகிறது. தாங்காமல் மடியும் வகை அவ்வாறு வெட்டுவதில்லை. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பெட்டிஜானும் ஃபிலிப் ஹனாவால்ட்டும், வெட்டிய பள்ளத்தைப் புதிய எழுத்துகளால் நிரப்பும் ஒட்டுவேலையைக் கண்டனர். எதிர் இழை பழுதாகாமல் இருப்பதால் அதையே மூலப்படியாகக் கொண்டு விட்டுப்போன எழுத்துகளை உயிரணு மீண்டும் எழுதிவிடுகிறது. முன்னர் நினைவில் இருத்தச் சொன்னது இதற்காகத்தான்.

மனித உயிரணுவிலும் இது நடைபெறுகிறதா என்பது அடுத்த வினா. இங்கேதான் ஆய்வாளர்களின் சாதுரியம் வெளிப்பட்டது. பழுதான சுவரை அதே செங்கல்லால், அதே சாந்தால் ஒரு நல்ல கொத்தனார் சரிசெய்துவிட்டால், மறுநாள் பார்ப்பவனுக்கு எந்த இடம் பழையது, எந்த இடம் புதியது என்று தெரியாது. அதை அறிய ஒரே வழி, வேலை தொடங்குமுன் அவரிடம் அடையாளமிட்ட செங்கற்களைக் கொடுத்துவிடுவதே. ஆய்வாளர் செய்ததும் அதுவே. டிரிட்டியம் என்பது மெல்லிய கதிர்வீச்சை உமிழும் ஒருவகை ஹைட்ரஜன். அதைச் சேர்த்துச் செய்த தைமிடினை, அதாவது டி.என்.ஏ.வுக்குள் சென்று தைமின் எழுத்தாக அமையும் பொருளை, உயிரணுக்கள் வளரும் நீரில் கலந்தனர். உயிரணுக்களின்மீது புறஊதா விளக்கின் ஒளியைப் பாய்ச்சினர். சில மணி நேரம் கழித்து அவற்றைக் கண்ணாடித் தகட்டில் நிலைநிறுத்தி, புகைப்பட ஃபிலிமில் பூசுவது போன்ற வெள்ளிப் பசையை இருட்டறையில் அதன்மேல் பூசி, நாட்கணக்கில் இருளிலேயே வைத்துவிட்டனர். டிரிட்டியத்தின் கதிர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரமே செல்லும்; ஆதலால் அடையாளச் செங்கல் எந்த உட்கருவில் பதிந்ததோ, அதற்கு நேர் மேலேயே வெள்ளி கறுத்து, புள்ளியாகும். ஃபிலிமைக் கழுவி நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வோர் உட்கருவின்மேலும் உள்ள கரும்புள்ளிகளை எண்ணலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிரிவதற்காக டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்கும் உயிரணுவும் அதே செங்கற்களைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் புதிதாக வீடு கட்டுவதற்கும் ஓட்டை அடைப்பதற்கும் செல்லும் செங்கல் ஒன்றாகுமா? படியெடுக்கும் உயிரணு எண்ணவே இயலாதபடி முற்றிலும் கறுத்துப்போகும். மற்ற உயிரணுக்களில் ஆங்காங்கே சில பத்துப் புள்ளிகள் தோன்றும். ராஸ்முசன், ராபர்ட் பெயின்டர் ஆகிய இருவரும் 1964-இல் இச்சிறு புள்ளிகளை மனித உயிரணுக்களில் கண்டனர். படியெடுக்க வேண்டாத வேளையில் நடைபெறும் எழுத்துவேலை ஆதலால் இதற்கு 'முறைவேளை தப்பிய டி.என்.ஏ. ஆக்கம்' என்று பொருள்படும் பெயரை விஞ்ஞானிகள் இட்டனர்.

சான் பிரான்சிஸ்கோவில் இதே துறையில் உழைத்துக்கொண்டிருந்தவர் ஜேம்ஸ் கிளீவர். இங்கிலாந்திலிருந்து அங்குச் சென்றவர். வெயில்பட்டாலே தோல் புற்றுநோய் காணும் மக்களைப் பற்றிய செய்தி ஒன்று நாளேட்டில் அவர் கண்ணில் பட்டது. கொத்தனார் வராத வீடுகள் இவையோ என்ற ஐயம் எழுந்தது. நோயாளிகளின் தோல்துணுக்கிலிருந்து வளர்த்த உயிரணுக்களைப் பெற்று, நலமுடையோரின் உயிரணுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கதிர் பட்டபின் நலமுடைய உயிரணுக்களில் புள்ளிகள் நிறைந்தன. நோயாளிகளின் உயிரணுக்களிலோ மிகச் சிலவே தோன்றின. 1968-ஆம் ஆண்டு மே மாதம் 'நேச்சர்' இதழில் வெளியான அவருடைய கட்டுரை ஐந்து பக்க அளவுதான். டி.என்.ஏ.வின் பழுதைத் திருத்த இயலாமை மனிதரிடம் புற்றுநோயை விளைவிக்கிறது என்பதற்கு அதுவே முதற்சான்றாயிற்று. நோயுற்ற குழந்தைகள் இல்லாதிருந்தால், நம் எல்லார் தோலிலும் நாள்தோறும் நடைபெறும் இவ்வேலையின் அருமை நமக்கு விளங்க இன்னும் பல்லாண்டுகள் சென்றிருக்கும். அக்குழந்தைகளுக்கு மருத்துவ உலகம் கடமைப்பட்டுள்ளது என்றே கருதுகிறோம்.

அதன்பின் நான்கு ஆண்டுகள் கழித்து ரோட்டர்டாம் நகரில் செய்யப்பட்ட சோதனை, எமக்கு எல்லாவற்றிலும் மேலானதாகத் தோன்றுகிறது. டிர்க் பூட்ஸ்மாவும் அவருடைய துணைவர்களும் இரண்டு வெவ்வேறு நோயாளிகளின் உயிரணுக்களை, செயலிழக்கச் செய்த ஒரு வைரஸின் உதவியால் ஒன்றோடொன்று இணைத்து, ஒரே உறைக்குள் இரண்டு உட்கருக்கள் இருக்கும்படி செய்தனர். தனித்திருந்தபோது இரண்டும் பழுதைத் திருத்த வலியற்றவை. இணைந்தபின் இரண்டு உட்கருக்களின் மேலும் வெள்ளிப் புள்ளிகள் நிறைந்தன! ஒருவரிடம் இல்லாததை மற்றவர் கொடுத்தார். இவரிடம் இல்லாததை அவர் கொடுத்தார். அங்ஙனமாயின் இருவருக்கும் உள்ள குறை ஒன்றல்ல. இணைத்தும் திருந்தாத இணைகள் ஒரே குறையுடையவை. இம்முறையில் நோயாளிகளை வகைப்படுத்தி வந்தபோது ஏ முதல் ஜி வரை ஏழு வகைகள் தேறின. ஒரே ஒரு கொத்தனார் அல்லர், ஒரு கூட்டமே வேலை செய்கிறது என்பது தெளிவாயிற்று.

அக்கூட்டத்தில் யார் யாருக்கு என்ன வேலை என்பதும் பிறகு தெரியவந்தது. 'சி' என்னும் புரதம் ஏணி கோணிய இடத்தை மோப்பம் பிடிக்கிறது, 'பி'யும் 'டி'யும் இழைகளைப் பிரித்துத் திறக்கின்றன, 'ஏ' சரிபார்க்கிறது, 'எஃப்' ஒருபுறமும் 'ஜி' மறுபுறமும் வெட்டுகின்றன. துருக்கியில் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மருத்துவம் கற்று, அமெரிக்கா சென்ற அசீஸ் சான்ஜார் இவ்வெட்டின் அளவைக் கண்டறிந்தவர். பாக்டீரியாவில் 12 அல்லது 13 எழுத்துகள் கொண்ட துண்டு வெளியேறுகிறது. மனிதரிடம் ஏறத்தாழ 30. இரண்டு எழுத்துகளில் பழுது இருக்க, முப்பதையும் எடுத்துவிட்டு நிரப்புவது வீண்செலவாகத் தோன்றும். உயிரணு அச்செலவுக்கு அஞ்சுவதில்லை. 2015-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை, டி.என்.ஏ.வைத் திருத்தும் வெவ்வேறு முறைகளை ஆராய்ந்த தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச் ஆகியோருடன் சான்ஜாரும் பகிர்ந்துகொண்டார்.

இப்போது திருத்தத்தைக் கண்காணிக்க வேறு வழிகளும் உள்ளன. தைமின் இரட்டையை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களைச் செய்து, கதிர் பட்டவுடன் எத்தனை இரட்டைகள், ஆறு மணி நேரம் கழித்து எத்தனை, மறுநாள் எத்தனை என்று அளந்து பார்க்கிறார்கள். பழுதில் இரு வகை உண்டு. ஏணியை மிகவும் கோணச் செய்யும் ஒரு வகை சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் அகற்றப்படுகிறது. அவ்வளவாகக் கோணச் செய்யாத தைமின் இரட்டையோ, ஒரு நாள் கழித்தும் ஏறக்குறையப் பாதி எஞ்சியிருக்கிறது. நேற்றைய வெயிலின் கணக்கு இன்று தீருமுன் இன்றைய வெயில் வந்துவிடுகிறது என்று கொள்க.

1984-இல் சுவீடனில் தொடங்கிய இன்னொரு முறைக்கு வால்மீன் சோதனை என்று பெயர். உயிரணுவைக் கூழ்போன்ற பொருளில் பதித்து மின்சாரத்தைச் செலுத்தினால், முறிவுகள் உள்ள டி.என்.ஏ. வெளியே இழுபட்டு வால்மீனின் வால் போல நீளும். வால் நீண்டால் சேதம் மிகுதி என்றுதான் யாரும் எண்ணுவர். புறஊதாக் கதிரைப் பொறுத்தவரை இது தலைகீழ். இக்கதிர் தானாக இழையை முறிப்பதில்லை. திருத்த வந்த கொத்தனார்களே அதை வெட்டுகிறார்கள். பள்ளத்தை நிரப்பவிடாமல் ஒரு மருந்தால் தடுத்துவைத்தால், நலமுடைய உயிரணுவுக்கு வால் நீளும். வெட்டவே இயலாத நோயுற்ற உயிரணு வாலின்றி உருண்டையாய் அழகாக நிற்கும்! சான்ஜாரின் ஆய்வுக்கூடத்தாரோ 2015-இல், வெட்டி எறியப்பட்ட முப்பதெழுத்துத் துண்டுகளையே பொறுக்கி எடுத்துப் படித்து, எந்தெந்த மரபணுவில் எப்போது வேலை நடந்தது என்று வரைபடமே தீட்டிவிட்டனர். நோய் அறிவதற்கான சோதனையிலும் டிரிட்டியத்தின் இடத்தை இந்நாளில் ஒளிரும் சாயம் பிடித்துவருகிறது. நாட்கணக்கில் இருட்டறையில் காத்திருக்க வேண்டியதில்லை.

இத்தனை கருவிகள் எதற்கு, வெயிலில் சுடுகிற குழந்தையைத் தாயே அறியமாட்டாளா என்று கேட்கலாம். இங்குதான் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. இலண்டனில் கய்ஸ் அண்ட் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இந்நோயாளிகளுக்கென்று 2010 முதல் தனி மருத்துவப் பிரிவு இயங்கிவருகிறது. அங்குள்ள மருத்துவர்கள் 89 நோயாளிகளை நுணுகி ஆராய்ந்து 2016-இல் எழுதினர். சில வகையினருக்குச் சில நிமிட வெயிலிலேயே தோல் கொப்பளித்துவிடுகிறது. பெற்றோர் பதறி மருத்துவரிடம் ஓடுகின்றனர். குழந்தை சிறுவயது முதலே வெயிலிலிருந்து காக்கப்படுகிறது. சி, இ என்னும் வகைகளிலும், பின்னர்க் கூறப்போகும் மாற்றுவகையிலும் தோல் மற்றவர்களைப் போலவே வெயிலைத் தாங்குகிறது. யாருக்கும் ஐயம் தோன்றுவதில்லை. குழந்தை தெருவில் ஆடித் திரிகிறது. இவர்களிடமே தோல் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது. கொப்பளிக்கும் தோல் எச்சரிக்கிறது. கொப்பளிக்காத தோல் வாய்மூடிக் கிடக்கிறது.

ஏன் இவ்வாறு? ஹனாவால்ட்டின் குழுவினர் 1980-களில் கண்டது இதற்கு விடையாகிறது. உயிரணு தன் டி.என்.ஏ. முழுவதையும் ஒரே வேகத்தில் திருத்துவதில்லை. அப்போதைக்கு வேலையிலிருக்கும் மரபணுக்களை முதலில் திருத்துகிறது. சி, இ வகையினரிடம் இம்முதல் வேலை தடையின்றி நடைபெறுவதால் உயிரணு உடனே மடிவதில்லை, தோலும் வேகுவதில்லை. எஞ்சிய பெரும்பகுதியில் பழுதுகள் மட்டும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகின்றன. 'ஏ' வகையினரின் உயிரணுக்களில் பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவான திருத்தமே காணும். 'சி' வகையில் பத்து முதல் இருபது பங்கு. புள்ளிகளை எண்ணினால்தான் இது தெரியும்.

புள்ளிகளை எண்ணுவதும் எல்லாருக்கும் போதாது. நோயின் அறிகுறிகள் அனைத்தும் இருந்தும், சோதனையில் நலமுடையோரைப் போலவே புள்ளிகள் நிறைந்த சிலர் உண்டு. இவர்களையே மாற்றுவகையினர் என்பர். இவர்களிடம் கொத்தனார்கள் சரியாகவே வேலை செய்கிறார்கள். திருத்தப்படாமல் எஞ்சிய பழுதின்மேல் தவறின்றிப் படியெடுக்கும் தனி நொதி ஒன்று இவர்களிடம் இல்லை என்பது 1999-இல் தெரியவந்தது. ஆகவே ஒரே சோதனையின் நல்ல முடிவைக் கொண்டு பெற்றோரை அனுப்பிவிடாமல், வேறு சோதனைகளும் மரபணு ஆய்வும் செய்கிறார்கள். மரபணு எழுத்துகளைப் படிப்பது இந்நாளில் எளிதாகிவிட்டாலும், காணப்பட்ட எழுத்துமாற்றம் தீங்கானதா, தீங்கற்றதா என்ற ஐயம் எழும்போது, உயிரணு உண்மையில் திருத்துகிறதா என்று பார்க்கும் பழைய வழிக்கே திரும்ப வேண்டியுள்ளது.

இந்நோய் அரியது. மேற்கு ஐரோப்பாவில் பத்து இலட்சம் பிறப்புகளில் இரண்டு அல்லது மூன்று. ஜப்பானில் ஏறத்தாழ 22,000 பேருக்கு ஒருவர். நம் நாட்டு மருத்துவ ஏடுகளிலும் இக்குழந்தைகளைப் பற்றிய குறிப்புகள் உண்டு. பெற்றோர் உறவுமுறையில் மணந்தவர்கள் என்ற வரி அவற்றில் அடிக்கடி வருகிறது. காரணம் எளிது. தந்தையிடமிருந்தும் தாயிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் நோய் தோன்றும். ஒன்று மட்டும் உடையவர் நலமாகவே இருப்பார். இருவரும் அதைச் சுமந்திருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. அத்தை மகளும் மாமன் மகனும் தம் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கையும், தாய்மாமனும் மருமகளும் நான்கில் ஒரு பங்கையும் பொதுவாக உடையவர்கள். உறவுமுறைத் தடைக்கு விலக்குக் கேட்டுப் பங்குக் குருவிடம் வரும் குடும்பங்கள், சொத்தைப் பற்றியும் சொந்தத்தைப் பற்றியும் பேசும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசக் காணோம். உறவில் மணந்தோரில் மிகப் பெரும்பாலோர்க்கு நலமான குழந்தைகளே பிறக்கின்றன என்பதையும் உடன் சொல்லிவிடுகிறோம். ஆயினும் குடும்பத்தில் இத்தகைய குழந்தை ஏற்கெனவே பிறந்திருந்தால், மணப்பேச்சுக்கு முன் மரபியல் மருத்துவரைக் காண்பது தகும்.

நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை, காவல் உண்டு. உடலை மூடும் ஆடை, முகத்திரையிட்ட தொப்பி, கண்ணாடி, தோல் காக்கும் பூச்சு ஆகியவற்றோடு, வீட்டுச் சன்னலுக்கும் காவல் வேண்டும். ஏனெனில் சாதாரணக் கண்ணாடி புறஊதாக் கதிர்களில் ஒரு வகையை உள்ளே விட்டுவிடும். அதைத் தடுக்கும் மெல்லிய தாளைக் கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். வெயில் படாததால் குறையும் வைட்டமின் 'டி'யை மருந்தாகக் கொடுக்கிறார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை தோலையும் கண்ணையும் மருத்துவர் பார்த்து, மாற்றம் தெரியும் இடத்தைச் சிறிதாய் இருக்கும்போதே அகற்றிவிடுகிறார்.

இரண்டு வயது நிரம்புமுன் குழந்தையின் முகத்திலும் கைகளிலும் பழுப்புப் புள்ளிகள் மண்டினாலும், சிறிது வெயிலுக்கே தோல் கொப்பளித்துப் பல நாள் ஆறாதிருந்தாலும், வெளிச்சத்தைக் கண்டு கண் கூசிச் சிவந்தாலும், தோல் மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டவேண்டும். சோதனைக்கு வேண்டியது வெயில் படாத இடத்திலிருந்து நான்கு மில்லிமீட்டர் அளவே உள்ள தோல்துணுக்கு. அதிலிருந்து உயிரணுக்களை வளர்த்தெடுக்கச் சில வாரங்கள் செல்லும். முடிவு கைக்கு வரும்வரை குழந்தையைப் பகல் வெயிலில் விடாமல் வைத்திருக்கும்படியே மருத்துவர்கள் கூறுகிறார்கள்.